மாசி முடிவதற்குள் கடலோரம் போய் வா

தங்கச்சி, வெயில் மண்டையைப் பிளக்கிற பிப்ரவரியில் அக்கா ‘குளிர்காலப் பறவை’ என்று ஆரம்பிக்கிறாளே என்று சிரிக்காதே. குளிர் நம் பினாங்கில் இல்லை, அவற்றின் ஊரில். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் வட சீனாவிலும் பனி மூடுவதற்கு முன்பே கிளம்பி, செப்டம்பர் தொட்டு இங்கே வந்து இறங்குகின்றன. நம் கடலோரச் சேற்றிலும் வயலிலும் பூங்காவிலும் ஆறேழு மாதம் குடியிருந்துவிட்டு ஏப்ரல் வாக்கில் திரும்புகின்றன. பறவை பார்க்கிறவர்களில் பலர் உன்னை அக்டோபர், நவம்பரில் போகச் சொல்வார்கள். நான் தை கடைசி, மாசி, பங்குனி முதல் வாரங்கள் என்பேன்.

காரணம் நிறம். வந்திறங்கிய புதிதில் எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே சாம்பல். புத்தகத்தை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். ஊர் திரும்பும் நேரம் நெருங்க நெருங்கத்தான் கல்யாணக் களை ஏறும். வாய்க்காலோரம் அசையாமல் நிற்கிற குருட்டுக்கொக்கை எடுத்துக்கொள். தமிழ்நாட்டு வயல்களில் நிற்பதன் பங்காளிகள் இங்கே இரண்டு உண்டு, சீனத்துக் குருட்டுக்கொக்கும் ஜாவாக் குருட்டுக்கொக்கும். டிசம்பரில் இரண்டும் அடுத்தடுத்து நின்றால் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கே எது எதுவென்று சொல்ல வராது. மார்ச் பிறந்ததும் சீனத்ததன் தலையும் கழுத்தும் அரக்குச் சிவப்பாகிவிடும், முதுகு கருஞ்சாம்பல். ஜாவாக்காரனுக்குத் தலை வெளிறிய பொன்னிறம். சேற்றில் ஓடித் திரிகிற சிறிய உப்புக்கொத்திகளுக்கு மார்பில் செங்காவிப் பட்டை விழும். பட்டைவால் மூக்கனில் ஆணுக்குக் கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறம். தங்க உப்புக்கொத்திக்கு முதுகில் பொன்பொடி மின்ன, வயிறு கருக்கத் தொடங்கும். புதிதாகப் பழகுகிற உனக்கு இதைவிடச் சுலபமான பருவம் கிடைக்காது.

கடல் ஏறுகிற நேரம்

தீவில் இருக்கிறவர்கள் முதலில் குர்னி டிரைவ் பக்கம்தான் நினைப்பார்கள். அங்கே கடலை மண் போட்டு நிரப்பிய பிறகு பழைய சேற்றுப் பரப்பு பழைய மாதிரி இல்லை. பெருநிலத்துக்குப் போ. பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவார் தொடங்கி பாகான் பெலாட், பெனாகா வழியாகக் குவாலா மூடா வரை போகும் கரை, பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் அமைப்பு உலக அளவில் முக்கியமான பறவை வாழிடம் என்று பட்டியலிட்டிருக்கும் கரை. ஒரு பக்கம் அலையாத்தி மரங்கள், மறுபக்கம் இறால் குளங்கள், நடுவில் மீனவர் கம்பங்கள். சுற்றுலாத் தளத்துக்கான அலங்காரம் எதையும் எதிர்பார்க்காதே.

அங்கே கிளம்புமுன் ‘பாசாங் சூருட்’, அதாவது கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்தாக வேண்டும். கடல் வற்றியிருக்கும்போது போனால் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும், பறவைகள் அதன் விளிம்பில் மிளகு தூவினாற்போலத் தெரியும். ‘ஒன்றுமே இல்லை’ என்று திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் போனவர்கள்தான். ஏற்றத்தின் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கரைக்குப் போய் நிழலில் உட்கார்ந்துவிடு. தண்ணீர் ஏற ஏற அவையே உன்னை நோக்கி வரும். உச்சத்தில் நிற்க இடமில்லாமல் இறால் குளத்து வரப்புக்கும் அலையாத்திக்குள்ளும் ஒடுங்கிவிடும். அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான் உன்னுடையது.

இன்னொன்று, அந்தக் கரை மேற்குப் பார்த்த கரை. காலையில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறமெல்லாம் துலக்கமாகத் தெரியும். மாலையில் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், பறவை வெறும் நிழலுருவம். ஆகவே காலை எட்டிலிருந்து பத்துக்குள் ஏற்றத்தின் உச்சம் வருகிற நாளாகத் தேர்ந்தெடு. ஏற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை 8 மணி என்றால் ஞாயிற்றுக்கிழமை 9-க்குப் பத்து நிமிடம் முன்னால். கைப்பேசியில் அட்டவணை கிடைக்காவிட்டால் சமையலறைச் சுவரில் தொங்குகிற நாள்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக மேலே ஏறிப் பறவைகளைக் கிட்டே தள்ளும். அஷ்டமி, நவமி வாக்கில் கடலுக்கு உற்சாகமே இருக்காது, ஏறுவதும் குறைவு, வற்றுவதும் குறைவு. அஷ்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்று அம்மா சொல்வது இந்த ஒரு விஷயத்தில் அறிவியலோடும் ஒத்துப்போகிறது!

சேற்றில் மட்டும் இறங்காதே. பார்ப்பதற்குக் கெட்டியாக இருக்கும், முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போ. தொப்பி, தண்ணீர், கொசு மருந்து அவசியம். மஞ்சள், ஆரஞ்சு உடுப்பை வீட்டில் வைத்துவிட்டு மங்கல் பச்சை, காக்கி மாதிரி ஏதாவது போட்டுக்கொள். கழிப்பறைக்குப் பெரிய சாலையில் இருக்கும் பெட்ரோல் நிலையத்திலேயே போய்விட்டு வா, கரையில் எதுவும் கிடையாது. திரும்பும்போது நேரம் இருந்தால் குவாலா மூடாவின் பாசார் பிசிக்கை எட்டிப் பார்க்கலாம். மீன் விலையைச் சத்தமாகக் கூவாமல் விற்பவர் காதில் கிசுகிசுத்து ஏலம் கேட்கிற சந்தை அது. பறவை பார்க்கப் போகிறவர்களும் அந்த அளவு சத்தத்தோடு இருந்தால் நல்லது.

எங்கே நிற்க வேண்டும் என்று அவையே சொல்லும்

‘எவ்வளவு கிட்டப் போகலாம், அக்கா?’ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அடிக்கணக்கு எதற்கு? பவளக்காலியைப் பார். செக்கச் சிவந்த காலோடு சேற்றில் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருக்கும். நீ நடந்து வரும்போது முதலில் அது தின்பதை நிறுத்தும். அடுத்து கழுத்து நீளும், தலை மேலும் கீழுமாக வெடுக் வெடுக்கென்று ஆடும். பிறகு பின்பக்கம் காட்டி நாலடி நடக்கும். அதற்கப்புறம்தான் மூன்று சுரத்தில் ஒரு கூப்பாடு, மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். தலை ஆடும்போதே நீ நின்றுவிட வேண்டும். நின்று, உட்கார்ந்து, இரண்டு நிமிடம் சும்மா இரு. அது மறுபடி தின்ன ஆரம்பித்தால் உன்னை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஆரம்பிக்கவில்லையா, நாலடி பின்வாங்கு.

இந்த நேரத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. போகிற வழியில் எரிப்பதற்கான கொழுப்பை இப்போதுதான் அவை உடம்பில் ஏற்றுகின்றன. பட்டைவால் மூக்கன் எத்தனை தூரம் பறக்கும் தெரியுமா? 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது. முதுகில் கட்டியிருந்த செயற்கைக்கோள் கருவி காட்டிய கணக்கு அது. நம் கரைக்கு வருபவை சைபீரியக் கிளை, இனம் அதேதான். வடக்கே திரும்பும் கரைப்பறவைகளில் பல, சீனா–கொரியா நடுவிலுள்ள மஞ்சள் கடலோரம் இறங்கி மறுபடி தின்றுவிட்டுத்தான் போகும். அங்கேயோ, கடந்த ஐம்பது ஆண்டில் சேற்றுப் பரப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆகவே இங்கே நிம்மதியாகத் தின்கிற ஒரு மணி நேரம் அவற்றுக்குச் சும்மா கிடைத்ததல்ல. நல்ல படம் வேண்டும் என்று கூட்டத்தை எழுப்பிவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கரைமேல் டிரோன் விடுகிறவர்களைப் பற்றி எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கூட்டத்தில் பச்சைக்காலி மாதிரி ஒன்று, ஆனால் கால் குட்டையாக மஞ்சள் சாயலோடு, மூக்கு அடியில் தடித்து நின்றால் அவசரப்படாமல் பார். நோர்ட்மன் பச்சைக்காலியாக இருக்கலாம். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் சகலின், ஓகோட்ஸ்க் கடலோரம் குஞ்சு பொரிக்கிற, உலகத்திலேயே ஓரிரு ஆயிரம்தான் மிஞ்சியிருக்கிற பறவை அது. நம் பெருநிலக் கரையில் அதைக் கண்ட பதிவுகள் உண்டு. மஞ்சள் மூக்கோடு சேற்றில் துள்ளித் துள்ளி ஓடி மீன் பிடிக்கிற வெள்ளைக் கொக்கைக் கண்டாலும் சாதாரணமாக விட்டுவிடாதே, அருகிவரும் சீனக் கொக்காக இருக்கக்கூடும். பழுந்தலைக் கடற்காகங்களும் இந்தக் கரையில் வந்து தங்கும். திபெத், மத்திய ஆசிய ஏரிகளின் பிள்ளைகள் அவை. நாகப்பட்டினக் கரைக்கும் கோடியக்கரைக்கும் போவது இதே சாதிதான்.

தீவுக்குள்ளேயே வேண்டுமா

பிள்ளைகள் சின்னவர்கள், சேறெல்லாம் ஆகாது என்றால் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போ. 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய பழைய தோட்டம், கொம்தாரிலிருந்து பேருந்து உண்டு. தைப்பூசக் கூட்டமும் ஒலிபெருக்கியும் ஓய்ந்து ஒரு வாரம் கழித்துப் போனால் உத்தமம். காலை ஏழு மணிக்கு ஓடையோரப் பாறைகளைக் கவனி. வயிறு மஞ்சளாக, நீண்ட வாலை நிற்காமல் ஆட்டிக்கொண்டு நடப்பது சாம்பல் வாலாட்டி. மரத்தின் நடுக்கிளையில் மங்கலாக ஒரு சின்னக் குருவி, பறந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பினால் பழுப்பு ஈப்பிடிப்பான். அதைத் துரத்த வேண்டாம், அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டு நில், திரும்பி வரும். நெகிழிப் பையில் பலகாரம் மட்டும் கொண்டு போகாதே. அங்குள்ள குரங்குகளுக்குப் பையின் சரசரப்பு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

புதர் உச்சியிலோ வேலிக் கம்பியிலோ தனியாக உட்கார்ந்து, கண்ணில் கருப்புப் பட்டை கட்டிய கொள்ளைக்காரன் மாதிரி முறைப்பது பழுப்புக் கீச்சான். பள்ளித் திடல், காலிமனை எங்கேயும் இருக்கும். ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் அதே கம்பியில் நாள்தோறும் பார்க்கலாம். அடுத்த ஆண்டும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வரும். பாலிக் புலாவ் பக்கம் சுங்கை பூரோங் வயல்களில் கம்பி நெடுகப் பஞ்சுருட்டான்கள் உட்கார்ந்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை. மற்றவை வடக்கே மூட்டை கட்டுகிற இதே நேரத்தில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் தெற்கிலிருந்து கூடு கட்ட இங்கே வந்து சேர்கிறது. பெனாகா பக்கத்து மணல் தரையில் வளை தோண்டி முட்டையிடும்.

காட்டுப் பறவைதான் வேண்டும் என்றால் செபராங் பிறையின் ஆயர் ஈத்தாம் டாலாம் கல்விக் காடு. சின்ன இடம், மரப்பாலத்தில் நடக்கலாம், வெள்ளைச் சட்டைகூட அழுக்காகாது. வலசை வரும் ஈப்பிடிப்பான்களுக்குப் பேர் போனது. புழுவைக் கிளையில் வைத்தும், கைப்பேசியில் பறவைக் குரலை ஓடவிட்டும் வரவழைக்கிற பழக்கம் படக்காரர்களிடம் உண்டு. நீ அதைக் கற்றுக்கொள்ளாதே. ஊருக்குக் கிளம்ப வேண்டிய பறவை இல்லாத எதிரியைத் தேடி அலைவதில் யாருக்கு என்ன லாபம்?

பருந்து பிடிக்கும் என்றால் மார்ச்சில் காலை பத்துக்கு மேல் வானத்தைப் பார்க்க வேண்டும். தரை சூடாகி வெப்பக் காற்று எழும்பிய பிறகுதான் அவை இறக்கையடிக்காமல் சுழன்று உயரும். கோயில் மேல் சுற்றுகிற செம்மேனிக் கருடன் நம் ஊர்க்காரர், விருந்தாளியில்லை. வடக்கே போகிறது தேன்பருந்து. அதைக் கூட்டங்கூட்டமாகப் பார்க்கப் போர்ட் டிக்சன் அருகே தஞ்சோங் துவானுக்குப் போக வேண்டும். சுமத்ராவின் ரூப்பாட் தீவிலிருந்து நீரிணையைக் கடந்து அவை அங்கேதான் கரையேறும். கடல்மேல் வெப்பக் காற்று கிடைக்காததால் களைத்துப்போய்த் தாழ்வாக வரும், வெறுங்கண்ணுக்கே தெரியும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பருந்து விழா அங்கே மார்ச் மாதத்தில்தான் நடக்கும். நெடுந்தூரப் பயணம்தான், ஆனால் கடற்கரை என்று சொன்னால் அத்தானும் பிள்ளைகளும் மறுக்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்தபடி

அடுக்குமாடியை விட்டு அசைய முடியாது என்கிறவளுக்கும் வழி உண்டு. சாயங்காலம் கம்பியைப் பார். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளைச் சுற்றிச் சுழல்கிற உழவாரனும் கூடுகட்டிக் காசு தருகிற குருவியும் கம்பியில் உட்காரவே உட்காரா, அவற்றின் கால் அதற்கு வளையாது. கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் தகைவிலான். அதிலும் மார்புக்குக் குறுக்கே கருப்புப் பட்டையும் பிளந்த நீள வாலும் இருந்தால் வடக்கிலிருந்து வந்த விருந்தாளி. பட்டையில்லாமல் வால் குட்டையாக இருந்தால் உள்ளூர்த் தகைவிலான்.

வலசைப் பறவைகள் பல இரவில் பறக்கும். வந்திறங்கும் அக்டோபர், நவம்பரிலும், திரும்பிப் போகும் மார்ச்சிலும் விளக்கு வெளிச்சத்தில் மயங்கிக் கண்ணாடியில் மோதும். விடியற்காலையில் பால்கனியிலோ தாழ்வாரத்திலோ பச்சை நீல இறக்கையோடு ஒரு ஆறுமணிக்குருவி சுருண்டு கிடந்தால் பதறாதே. காலணி அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, பழைய துணி விரித்து, மெதுவாக எடுத்து உள்ளே வைத்து மூடு. பூனைக்கும் பிள்ளைக்கும் எட்டாத இருட்டான இடத்தில் வை. வாயில் தண்ணீர் ஊற்றாதே, புரையேறிச் செத்துப்போகும். சோறும் போடாதே. எட்டி எட்டிப் பார்க்காதே. ஓரிரு மணி நேரத்தில் உள்ளே படபடக்கும் சத்தம் கேட்டால், மரமிருக்கிற இடத்தில் பெட்டியைத் திறந்துவிடு, தானே போகும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடு. அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொண்டால் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வாய். மாடி விளக்கை இரவு பதினொன்றுக்கு மேல் அணைத்தாலே விபத்தும் குறையும், மின்கட்டணமும் குறையும்.

தொலைநோக்கி வாங்குவதானால் 8×42 என்று போட்டிருப்பதை வாங்கு. 8 என்பது பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று நீட்டுவதைத் தொடாதே. கை நடுக்கமும் அதே ஐம்பது மடங்கு பெருகும். மூக்குக் கண்ணாடி போடுகிறவள் என்றால் கண்வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பார். பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காமல், தொலைநோக்கியை மட்டும் முகத்துக்குத் தூக்கு. கீழே குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை எந்தக் கிளையில் இருந்தது என்று மறுபடி தேட வேண்டும்.

பார்த்ததை எழுதி வை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகம் முழுக்க வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதில் நீயும் சேரலாம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதை எண்ணி, இ-பேர்ட் செயலியில் பதிந்தால் போதும். மைனாவையும் காக்காயையும் விட்டுவிடாதே, அவற்றையும் எண்ண வேண்டும். பினாங்கு மலேசிய இயற்கைச் சங்கக் கிளையோடு ஒரு நாள் போய் வா. பெயர் தெரியாத பறவைக்கு அவர்களிடம் பெயர் கிடைக்கும், அவர்கள் தோளில் தூக்கி வருகிற பெரிய தொலைநோக்கியில் உன் பிள்ளைகளும் பார்க்கலாம்.

ஏப்ரல் நடுவுக்குப் பிறகு சேற்றில் பயணத்துக்குத் தயாராகாத இளசுகள் சில மட்டும் மிஞ்சும். மற்றதையெல்லாம் பார்க்க செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். இந்த வாரமே அட்டவணையைப் பார்த்து, காலையில் ஏற்றம் வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்துக்கொள்.